தண்ணீரைத் தொடாத சுவிட்ச்

மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாக ஓட வேண்டும், நிரம்பினால் தானாக நிற்க வேண்டும். எளிய தேவைதான். இதற்காகக் கடைகளில் விற்கும் கருவிகளில் பெரும்பாலானவை தண்ணீருக்குள் எதையாவது இறக்குகின்றன. சிலவற்றில் எவர்சில்வர் கம்பிகள் தொங்கும். தண்ணீர் ஏறிக் கம்பியைத் தொட்டதும் மின்சுற்று மூடும். போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் இது நன்றாகவே வேலை செய்யும், கொஞ்ச காலத்துக்கு. கம்பிகளுக்கு இடையே நேர்மின்னோட்டம் ஓடும்போது ஒரு கம்பி மெல்ல அரிக்கப்படும், மற்றொன்றில் சுண்ணாம்பு படியும். படிவு தடித்துப்போன கம்பி தண்ணீரில் மூழ்கியிருந்தாலும் கருவிக்குத் தெரியாது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் தெருவுக்கு வழியும்.

இன்னொரு வகை மிதவை. மிதவைக்குள் இருக்கும் சுவிட்சுக்கு 230 வோல்ட்டை நேராக இழுத்துவிடுகிற வழக்கம் பரவலாக இருக்கிறது. கேபிளின் உறை வெயிலில் காய்ந்து வெடித்தால் அந்த 230 வோல்ட் குளிக்கிற, சமைக்கிற தண்ணீருக்குள் இறங்கும். நிரம்பியதும் மோட்டார் நிற்பது ஒரு வசதி மட்டுமே. அதற்காக எடுக்கக்கூடிய ஆபத்து அல்ல இது.

தண்ணீருக்குள் எந்த மின்கம்பியையும் இறக்காமல் அதன் ஆழத்தை அறிய ஒரு வழி உண்டு. ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும். ஒரு மீட்டர் ஆழத்தில் 9.8 கிலோபாஸ்கல். தொட்டி 500 லிட்டரா 2,000 லிட்டரா, வட்டமா சதுரமா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. எனவே தொட்டியின் அடியில் உள்ள அழுத்தத்தை மேலே உலர்ந்த இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், அதை அளந்து மோட்டாரை இயக்கலாம். கொண்டுவரும் வேலையைக் காற்று செய்யும். கவிழ்த்த டம்ளரைத் தண்ணீருக்குள் அமுக்கினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் அழுந்துமே, அதேதான். டம்ளரின் அடியில் துளையிட்டு ஒரு டியூபைப் பொருத்தி மேலே இழுத்தால், அழுத்தம் டியூபின் மறுமுனைக்கு வந்துவிடும். வாஷிங் மெஷின்கள் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்று பல காலமாக இப்படித்தான் அறிகின்றன. வெறும் காற்று நிரம்பிய பிளாஸ்டிக் டியூப்; மின்சாரம் தண்ணீருக்கு அருகிலேயே போவதில்லை.

டியூபை மட்டும் தொட்டியில் இறக்கினால் போதாதா என்று தோன்றும். போதாது. ஒரு மீட்டர் ஆழத்தின் அழுத்தம் உள்ளே இருக்கும் காற்றை ஏறத்தாழ 9 சதவீதம் சுருக்கிவிடும். மூன்று மீட்டர் நீள டியூபாக இருந்தால், சுருங்கிய இடத்தை நிரப்பத் தண்ணீர் டியூபுக்குள் ஏறும்; ஏற ஏற அழுத்தமும் சற்றுக் குறைவதால் 21 சென்டிமீட்டரில் நிற்கும். சென்சாருக்குத் தெரிவது டியூபுக்குள் நிற்கும் தண்ணீர் மட்டத்திலிருந்து மேலே உள்ள ஆழம்தான். ஆக, ஒரு மீட்டர் தண்ணீரை அது 79 சென்டிமீட்டர் என்று படிக்கும். டியூபின் நுனியில் அகலமான காற்றறை ஒன்று வேண்டும். 50 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பிவிசி பைப்பில் 10 சென்டிமீட்டர் துண்டு, மேலே ஒரு எண்ட் கேப், அதில் துளையிட்டு மீன்தொட்டிக்குப் போடும் 4 மில்லிமீட்டர் உள்விட்ட டியூப். இப்போது டியூபும் அறையும் சேர்ந்து சுமார் 235 மில்லிலிட்டர் காற்று. அதில் 9 சதவீதம் சுருங்கினால் 20 மில்லிலிட்டர் சொச்சம். அகலமான அறைக்குள் அது ஒரே ஒரு சென்டிமீட்டர் ஏற்றம். 21 சென்டிமீட்டர் பிழையைச் சில ரூபாய் பைப் துண்டு ஒன்றாகச் சுருக்கிவிடுகிறது. இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் இதுதான். எந்த ஐசியாலும் இதைச் செய்ய முடியாது.

இனி டியூபின் மறுமுனை. ஒரு கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறுகிறது என்று 1856இல் வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்டவர், கண்டு சொன்னார். உலோகத்தில் அந்த மாற்றம் மிகச் சிறியது. 1954இல் பெல் ஆய்வகத்தில் சார்லஸ் ஸ்மித் இதையே சிலிக்கானிலும் ஜெர்மானியத்திலும் அளந்தபோது, மாற்றம் உலோகத்தைவிடப் பல பத்து மடங்கு பெரிதாக இருந்தது. இன்றைக்குக் கார் எஞ்சினிலும் ரத்த அழுத்தக் கருவியிலும் இருக்கும் சிலிக்கான் அழுத்த சென்சார்களுக்கு அடித்தளம் அந்த அளவீடு. சிலிக்கான் துண்டின் நடுப்பகுதியை அரித்து மெல்லிய சவ்வாக்குவார்கள். அழுத்தம் சவ்வை வளைக்கும். சவ்வில் பதித்த தடைப்பகுதியில் அந்த வளைவு மின்சார மாற்றமாகத் தெரியும்.

நமக்கு ஏற்ற சென்சார் எம்பிஎக்ஸ்5010. மோட்டோரோலா குடும்பத்தில் பிறந்து, ஃப்ரீஸ்கேல் வழியாக என்எக்ஸ்பி நிறுவனத்திடம் வந்தது. அளக்கும் எல்லை 0 முதல் 10 கிலோபாஸ்கல் வரை, அதாவது சற்றேறக்குறைய ஒரு மீட்டர் தண்ணீர். சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரும் வெப்பநிலை மாற்றத்தைச் சரிக்கட்டும் அமைப்பும் உள்ளேயே இருக்கின்றன. 5 வோல்ட் கொடுத்தால் அழுத்தமே இல்லாதபோது 0.2 வோல்ட்டும், 10 கிலோபாஸ்கலில் 4.7 வோல்ட்டும் தரும். தண்ணீர்க் கணக்கில் சொன்னால், ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 44 மில்லிவோல்ட். எந்தப் பெருக்கமும் இல்லாமல் சாதாரண மல்டிமீட்டரிலேயே சென்டிமீட்டர்களை எண்ணலாம். தயாரிப்பாளர் சொல்லும் அதிகபட்சப் பிழை 5 சதவீதம். தொட்டியில் அது 5 சென்டிமீட்டர். மொட்டைமாடித் தொட்டிக்கு இதற்கு மேல் துல்லியம் தேவையே இல்லை.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்சார்களில் வெற்றிடத்தோடு ஒப்பிட்டு அளப்பவை உண்டு, சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டு அளப்பவையும் உண்டு. நமக்கு வேண்டியது இரண்டாவது வகை. சவ்வின் ஒரு பக்கம் டியூப், மறுபக்கம் திறந்தவெளி. நம் போன்ற வெப்பமண்டல ஊர்களில் வளிமண்டல அழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே மூன்று ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு வித்தியாசம் வரும். முதல் வகையை வைத்தால் தொட்டியில் ஒரு சொட்டு மாறாதபோதும் மூன்று சென்டிமீட்டர் மாறியதாகக் காட்டும். புயல் நாளில் வித்தியாசம் பல மடங்காகும்.

ஆழம் வோல்டேஜாகிவிட்டது. வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றும் இந்த இடத்தில்தான் வடிவமைப்பே தொடங்குகிறது. சென்சார் அளப்பதோடு சரி. சுவிட்ச் முடிவெடுக்க வேண்டும். 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் நிறுத்து, குறைந்தால் ஓட்டு என்று ஒற்றை வரம்பு வைத்தால் என்ன ஆகும்? மோட்டார் நிற்கும்போது தண்ணீர் மேற்பரப்பு அலையடித்துக்கொண்டிருக்கும். அலை ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் மோட்டார் ஓடும், ஏறினால் நிற்கும். ரிலே படபடவென்று அடிக்கும். மோட்டார் ஒவ்வொரு முறை புறப்படும்போதும் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். சில நிமிடங்கள் இப்படியே போனால் ரிலேயின் தொடுமுனைகள் கருகும், மோட்டாரின் காயில் சூடேறும்.

பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் இதற்கான விடை பல காலமாக இருக்கிறது. டேங்கில் காற்று ஒரு மேல்வரம்பை எட்டியதும் டக்கென்று மோட்டார் நின்று, புஸ்ஸென்று கொஞ்சம் காற்று வெளியேறும். அடுத்து இரண்டு மூன்று டயருக்குக் காற்றடித்து அழுத்தம் நன்றாக இறங்கிய பிறகுதான் மறுபடி ஓடத் தொடங்கும். நடுவில் எந்த அழுத்தத்திலும் அது முடிவை மாற்றிக்கொள்வதில்லை. மோட்டார் ஓடுகிறதா நிற்கிறதா என்பது இப்போதைய அழுத்தத்தை மட்டும் பொறுத்ததில்லை. கடைசியாகத் தொட்டது மேல்வரம்பையா கீழ்வரம்பையா என்பதையும் பொறுத்தது. சவ்வும் ஸ்பிரிங்கும் சேர்ந்த அந்த இயந்திர சுவிட்சுக்கு ஒரு சிறு நினைவு இருக்கிறது. இந்தக் குணத்தைத் தயக்கம் என்று இயற்பியலில் சொல்வார்கள். அழுத்த சுவிட்சின் உயிர் சென்சாரில் இல்லை, இந்தத் தயக்கத்தில் இருக்கிறது.

இதே குணத்தை மின்சுற்றில் கொண்டுவந்தவர் ஓட்டோ ஷ்மிட். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது, கணவாய் மீனின் நரம்பில் துடிப்பு எப்படிப் பரவுகிறது என்பது அவர் கவனத்தில் இருந்தது. நரம்பு மெல்லிய தூண்டலுக்கெல்லாம் பதில் சொல்லாது. வரம்பைத் தாண்டினால் முழுத் துடிப்பாகப் பதில் சொல்லும். அந்த நடத்தையை வெற்றிடக் குழாய்களால் அமைத்துக்காட்டிய அவருடைய கட்டுரை 1938இல் வெளிவந்தது. அந்தச் சுற்றை உலகம் இன்றும் ஷ்மிட் டிரிகர் என்றே அழைக்கிறது. அன்றைக்குக் குழாய்கள் தேவைப்பட்ட வேலைக்கு இன்றைக்கு ஒரு சின்ன ஐசியும் மூன்று ரெசிஸ்டர்களும் போதும்.

ஐசியின் பெயர் எல்எம்393. ரிச்சி தெரு போன்ற கடைத்தெருக்களில் எளிதாகக் கிடைக்கும், விலையும் மிகக் குறைவு. உள்ளே இரண்டு கம்பரேட்டர்கள். இரண்டு உள்ளீடுகளில் எது பெரிது என்று பார்த்து வெளியீட்டை மாற்றுவது மட்டுமே கம்பரேட்டரின் வேலை. முதல் கம்பரேட்டரின் மைனஸ் உள்ளீட்டில் சென்சாரை இணைக்கிறோம். பிளஸ் உள்ளீட்டில் மூன்று ரெசிஸ்டர்கள் சந்திக்கின்றன. 120 கிலோ ஓம் ஒன்று 5 வோல்ட்டுக்குப் போகிறது. 100 கிலோ ஓம் ஒன்று கிரவுண்டுக்குப் போகிறது. 47 கிலோ ஓம் ஒன்று கம்பரேட்டரின் வெளியீட்டுக்கே திரும்பிப் போகிறது. வெளியீட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு 2.2 கிலோ ஓம்.

நினைவு அந்த 47 கிலோ ஓமில் இருக்கிறது. மோட்டார் ஓடும்போது வெளியீடு 5 வோல்ட்டை ஒட்டி மேலே நிற்கும். 47 கிலோ ஓம் சந்திப்பை மேலே இழுத்து ஏறத்தாழ 3.7 வோல்ட்டில் வைக்கும். தண்ணீர் ஏறி, சென்சாரின் வோல்டேஜ் அதைத் தாண்டும்போது ஆழம் 79 சென்டிமீட்டர். அந்தக் கணத்தில் வெளியீடு கீழே விழும், மோட்டார் நிற்கும். கூடவே அதே ரெசிஸ்டர் சந்திப்பைக் கீழே இழுத்துவிடும். வரம்பு சட்டென்று 1.1 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். இனி தண்ணீர் 20 சென்டிமீட்டருக்கு இறங்கினால்தான் மோட்டார் மறுபடி ஓடும். மேற்பரப்பில் எவ்வளவு அலையடித்தாலும் அது 60 சென்டிமீட்டர் அலையாக இருக்கப்போவதில்லை. வேறு அளவுத் தொட்டிக்கு ரெசிஸ்டர்களை மாற்றிக்கொள்ளலாம்: 120 கிலோவும் 100 கிலோவும் வரம்புகள் எங்கே அமையும் என்பதைத் தீர்மானிக்கும், 47 கிலோவைப் பெரிதாக்கினால் இரண்டு வரம்புகளும் நெருங்கிவரும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. எல்எம்393இன் உள்ளீடுகள் அதற்குக் கொடுக்கும் சப்ளைக்கு ஒன்றரை வோல்ட் கீழே வரைதான் சரியாக வேலை செய்யும். சென்சாருக்கு 5 வோல்ட் தருகிறோமே என்று ஐசிக்கும் அதையே தந்தால் எல்லை மூன்றரை வோல்ட்டோடு முடிந்துவிடும். நமக்கு வேண்டிய மேல்வரம்போ 3.7. மேசையில் வைத்துச் சோதிக்கும்போது கீழ்வரம்பு அழகாக வேலை செய்யும், மேல்வரம்பு ஏறுமாறாக நடக்கும். ரெசிஸ்டர் கெட்டுவிட்டதா, சென்சார் கெட்டுவிட்டதா என்று தேடிக்கொண்டிருப்போம். ஐசிக்கு மட்டும் 12 வோல்ட் கொடுத்தால் சிக்கல் தீர்ந்தது. 36 வோல்ட் வரை தாங்கக்கூடியது அது. அதன் வெளியீடு தானாக மேலே தள்ளாது, கிரவுண்டுக்கு இழுக்க மட்டும் தெரிந்தது. ஆகவே 2.2 கிலோ ஓமை எந்த வோல்டேஜில் கட்டுகிறோமோ அதுதான் வெளியீட்டின் உச்சம். ஐசி 12 வோல்ட்டில் ஓடினாலும் வெளியீடு 5 வோல்ட்டைத் தாண்டாது.

அந்த 5 வோல்ட் எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்? வியப்பான பதில்: பெரிதாகத் துல்லியம் தேவையில்லை. 7805 ரெகுலேட்டர் 4.8 முதல் 5.2 வரை எதையும் தரலாம். எம்பிஎக்ஸ்5010இன் வெளியீடு தனக்குக் கிடைக்கும் சப்ளையின் விகிதமாகவே இருக்கும். சப்ளை 4 சதவீதம் குறைந்தால் வெளியீடும் 4 சதவீதம் குறையும். நம் மூன்று ரெசிஸ்டர்களும் அதே 5 வோல்ட்டிலிருந்துதான் வரம்பை வகுக்கின்றன. இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும், சென்டிமீட்டர் மாறாது. தனியாக ஒரு துல்லியமான ரெஃபரன்ஸ் ஐசியை வாங்கி வரம்புகளுக்கு மட்டும் போடுகிறவர்கள் நல்ல எண்ணத்தில் இந்தச் சமநிலையைக் கெடுத்துவிடுகிறார்கள்.

சில்லறை வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்சாரின் சப்ளை காலுக்கு அருகில் 1 மைக்ரோஃபாரட், 0.01 மைக்ரோஃபாரட் என இரண்டு கெப்பாசிட்டர்கள், வெளியீட்டுக் காலில் 470 பிகோஃபாரட். இவை தயாரிப்பாளரே சொல்பவை. அங்கிருந்து 10 கிலோ ஓம் வழியாகக் கம்பரேட்டருக்குச் சென்று, அந்த இடத்தில் ஒரு 1 மைக்ரோஃபாரட். கம்பரேட்டரின் வெளியீடு ரிலேயை நேரடியாக இழுக்காது. 2என்7000 என்ற சின்ன மாஸ்ஃபெட் அதைச் செய்யும். சாதாரண டிரான்சிஸ்டரைப் போட்டால் அது பேஸ் வழியாக மின்னோட்டம் உறிஞ்சி வெளியீட்டைக் கீழே இழுக்கும், கணக்கிட்ட மேல்வரம்பு இறங்கிவிடும். மாஸ்ஃபெட்டின் கேட் எதையும் உறிஞ்சாது. ரிலே காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோட், திசை தலைகீழாக. அந்தச் சின்ன ரிலேயில் 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பதை நம்பி மோட்டாரை நேராக இணைக்க வேண்டாம். அந்தக் கணக்கு மோட்டாரின் புறப்பாட்டு மின்னோட்டத்துக்குப் பொருந்தாது. ரிலே ஒரு கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். 230 வோல்ட் பக்கத்து இணைப்பு எலக்ட்ரீஷியன் கையால் நடக்கட்டும். சம்ப்பில் தண்ணீர் இல்லாதபோது மோட்டார் வெறுமனே ஓடுவதைத் தடுப்பது தனி வேலை. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

இதுவரை சொன்னது எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது ஓடும் சுற்று. மாடியில் வெயிலும் மழையும் அணிலும் இருக்கின்றன. டியூபை அணில் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் பூஜ்யம். முதல் கம்பரேட்டரின் பார்வையில் தொட்டி காலி, மோட்டாரை ஓட்டு. நிரம்பி வழிந்தாலும் அதற்குத் தெரியப்போவதில்லை. இந்தச் சுற்றிலேயே மிகப் பெரிய ஓட்டை இது. இதை அடைக்காமல் விட்டால் கம்பி தொங்கும் பழைய கருவியைவிட இது எந்த விதத்திலும் உயர்ந்ததில்லை.

அடைக்க ஒரு நல்ல வழி தொட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. தண்ணீர் வெளியேறும் பைப் தொட்டியின் தரையோடு தரையாக இருப்பதில்லை, சற்று மேலே இருக்கும். காற்றறையின் வாயைத் தரையை ஒட்டி, சேறு அடைக்காத அளவுக்கு ஒரு விரல்கடை மேலே வைத்தால், எவ்வளவு தண்ணீர் செலவானாலும் காற்றறையின் வாய்க்கு மேலே சில சென்டிமீட்டர் தண்ணீர் எப்போதும் நிற்கும். 8 சென்டிமீட்டர் என்று கொள்வோம். சென்சாரில் அது 0.55 வோல்ட். ஆக, நல்ல நிலையில் உள்ள அமைப்பு 0.55க்குக் கீழே எதையும் சொல்லவே முடியாது. 0.2 வோல்ட் வருகிறது என்றால் அது காலித் தொட்டியல்ல, அறுந்த டியூப்.

எல்எம்393இல் சும்மா கிடக்கும் இரண்டாவது கம்பரேட்டருக்கு இந்தக் காவல் வேலையைக் கொடுக்கலாம். இப்போது சென்சார் பிளஸ் உள்ளீட்டில், மைனஸ் உள்ளீட்டில் ஒரு ப்ரீசெட் வழியாக ஏறத்தாழ 0.4 வோல்ட். சென்சார் அதற்குக் கீழே போனால் இதன் வெளியீடு கிரவுண்டுக்கு இழுக்கும். இரண்டு கம்பரேட்டர்களின் வெளியீட்டுக் கால்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிடலாம். கிரவுண்டுக்கு இழுக்க மட்டுமே தெரிந்த வெளியீடுகள் என்பதால் ஒன்றையொன்று எரிக்காது. இருவரும் சம்மதித்தால்தான் மோட்டார் ஓடும், ஒருவர் மறுத்தாலும் நிற்கும். கூடுதலாக ஒரு ஐசி கூடத் தேவையில்லை. ப்ரீசெட் ஏன் என்றால், பூஜ்ய அழுத்தத்தில் 0.2 வோல்ட் என்பது சராசரிக் கணக்கு; ஒவ்வொரு சென்சாருக்கும் அது கொஞ்சம் முன்பின் இருக்கும். டியூபைக் கழற்றிவிட்டு, கையில் இருக்கும் சென்சார் என்ன சொல்கிறது என்று அளந்து, அதற்கும் 8 சென்டிமீட்டர் அளவுக்கும் நடுவில் வைக்க வேண்டும். கழுவிய தொட்டியை முதல் முறை நிரப்பும்போது இந்தக் காவல் மோட்டாரை ஓடவிடாது. அதற்கு ஒரு கை பொத்தான் வைத்துவிடலாம். வாய் மூழ்கிச் சில சென்டிமீட்டர் ஏறியதும் சுற்று தானாகப் பொறுப்பேற்கும்.

சென்சாரின் ஒயர் அறுந்தால்? கம்பரேட்டரின் சென்சார் உள்ளீட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டால், ஒயர் அறுந்ததும் உள்ளீடு மேலே ஏறும். தொட்டி நிரம்பிவிட்டது என்று பொருள்கொண்டு மோட்டார் நிற்கும். இதனால் சாதாரண நேரத்தில் வரும் பிழை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. கரண்ட் போய் வந்தால் சுற்றின் நினைவு அழிந்துவிடும். தண்ணீர் 79 சென்டிமீட்டருக்குக் கீழே எங்கிருந்தாலும் மோட்டார் ஓடத் தொடங்கும். கரண்ட் இருக்கும்போதே நிரப்பிக்கொள்வது நம் ஊர்களுக்கு நல்லதுதான்.

மிச்சம் இருப்பது கண்ணுக்குத் தெரியாத கோளாறு. அறைக்குள் அடைபட்ட காற்று தண்ணீரில் மெல்ல மெல்லக் கரையும். அறைக்குள் தண்ணீர் மட்டம் ஏறும், சென்சார் உண்மையைவிடக் குறைவாகப் படிக்கும். வாஷிங் மெஷினுக்கு இந்தக் கவலை இல்லை. ஒவ்வொரு துவைப்பின் முடிவிலும் தண்ணீர் முழுக்க வடிந்து புதுக் காற்று புகுந்துவிடும். மாடித் தொட்டி அப்படி வடிவதில்லை. ஆனால் பிழையின் அளவுக்கு ஓர் எல்லை இருக்கிறது: அறையின் உயரம் 10 சென்டிமீட்டர் என்பதால், அறை முழுக்க நிரம்பும் வரை பிழை 10 சென்டிமீட்டரைத் தாண்டாது. ஒரு மீட்டர் உயரத் தொட்டியின் விளிம்புக்கும் நம் மேல்வரம்புக்கும் இடையே 20 சென்டிமீட்டர் விட்டு வைத்தது இதற்காகத்தான். சென்சாரின் சொந்தப் பிழையான 5 சென்டிமீட்டரும் அதற்குள் அடங்கிவிடும். அறையைத் தாண்டித் தண்ணீர் குறுகலான டியூபுக்குள் ஏறத் தொடங்கினால்தான் பிழை வேகமாக வளரும். அதற்கு முன்பே காற்றைப் புதுப்பிக்க, டியூபில் ஒரு டி-ஜாயின்ட் வைத்து மூடி போட்டுவிட்டு, அவ்வப்போது பெரிய சிரிஞ்சால் காற்றை மெதுவாக உள்ளே செலுத்தினால் போதும். அறையின் வாயிலிருந்து குமிழி வருவது கண்ணில் பட்டதும் நிறுத்தலாம். காற்று தானாகக் கீழே தப்பிவிடுவதால் அளவுக்கு மீறிய அழுத்தம் சென்சாரைத் தாக்காது. தொழிற்சாலைகளில் அமிலத் தொட்டிகளின் மட்டத்தை அளக்கவும், இப்படித் தொடர்ந்து குமிழி விடும் முறை உண்டு.

மாடியில் மாட்டுவதற்கு முன் மேசையிலேயே எல்லாவற்றையும் சோதித்துவிடலாம். ஒரு வாளித் தண்ணீர், ஒரு ஸ்கேல், ஒளிபுகும் டியூப் ஒரு மீட்டர். சென்சாரில் டியூபை மாட்டி, மறுமுனையை வாளிக்குள் 30 சென்டிமீட்டர் இறக்க வேண்டும். சென்டிமீட்டருக்கு 44 மில்லிவோல்ட் என்றால் 1.52 வோல்ட் வர வேண்டும், மீட்டரில் 1.41 சொச்சம்தான் இருக்கும். டியூபை உற்றுப் பார்த்தால் காரணம் தெரியும்: தண்ணீர் டியூபுக்குள் இரண்டரை சென்டிமீட்டர் ஏறி நிற்கும். அதைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால் எண்கள் பொருந்தும். காற்று சுருங்குவதைக் கண்ணால் பார்த்து மீட்டரிலும் படிக்க இதைவிட மலிவான ஆய்வகம் இல்லை. பள்ளி மாணவர்களோடு செய்து பார்க்க வேண்டிய சோதனை.

மாட்டும்போது சென்சார் பெட்டி தொட்டியின் விளிம்பைவிட உயரமாக இருக்க வேண்டும், சென்சாரின் மூக்கு கீழே பார்த்து இருக்க வேண்டும். இரவில் டியூபுக்குள் பனிக்கும் ஈரம் சொட்டாகச் சேர்ந்து கீழே அறைக்கே வழிந்துவிடும், சென்சாருக்குப் போகாது. இது உலர்ந்த காற்றுக்காகச் செய்யப்பட்ட சென்சார். தண்ணீர் உள்ளே புகுந்தால் நாளடைவில் கெடும். டியூப் வழியில் எங்கும் தொய்ந்து தொங்கக் கூடாது, தொய்வில் தண்ணீர் தேங்கினால் அதன் உயரமும் அளவில் சேர்ந்துவிடும். பெட்டியின் அடியில் ஒரு சின்னத் துளை வேண்டும். இல்லையென்றால் வெயிலில் பெட்டிக்குள் காற்று சூடாகி, சவ்வின் மறுபக்கத்தை அழுத்தும்.

இதைப் பணம் வாங்கிக்கொண்டு பிறர் வீட்டில் மாட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. எல்லாம் முடிந்து மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது, வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, சென்சாரிலிருந்து டியூபைக் கையால் உருவி எடுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். டியூபை மாட்டி, வெளியேறிய காற்றைச் சிரிஞ்சால் மறுபடி உள்ளே செலுத்துங்கள், தண்ணீர் இன்னும் 20 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் மறுபடி ஓட வேண்டும். பிறகு சென்சாரின் சிக்னல் ஒயரைக் கழற்றுங்கள், மறுபடியும் நிற்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் பெட்டியைக் கழற்றிக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.